ஈம் கிராமத்துக்கு நடந்தே போங்கள்

நீங்கள் கேட்டது இது: ஜூன் மாதம் மான்செஸ்டரில் தம்பி வீட்டில் தங்கப் போகிறீர்கள். கார் கிடையாது. படத்தில் பார்ப்பது போல ஒரு சின்ன ஆங்கிலக் கிராமத்தை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப வேண்டும். கூட அறுபத்தெட்டு வயது அப்பாவும் வருகிறார். பழைய கிராமங்களுக்குப் பேர்போன காட்ஸ்வோல்ட்ஸ் பகுதி சரிவருமா?

சரிவராது. அழகில் குறை சொல்ல மாட்டேன், தேன் நிறக் கல் வீடுகள் உண்மையிலேயே அழகுதான். ஆனால் மான்செஸ்டரிலிருந்து காரில்லாமல் போனால் பாதி நாள் பயணத்திலேயே கரைந்துவிடும். மிச்ச நேரத்தில் பைபரி மாதிரி ஓர் ஊரில், உங்களைப் போலவே படம் பார்த்து வந்த கூட்டத்துக்கு நடுவே, ஒரே வீட்டு வரிசையை ஆள் மாற்றி ஆள் படமெடுத்துவிட்டுத் திரும்புவீர்கள்.

அதற்குப் பதில் டெர்பிஷர் மாவட்டத்தில் உள்ள ஈம் கிராமத்துக்குப் போங்கள். மேப்பில் தேடும்போது ஈ, ஒய், ஏ, எம் என்று தட்டுங்கள், உச்சரிப்பு ஈம். ஏறத்தாழ ஆயிரம் பேர் வசிக்கும் ஊர். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக 1951இல் அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டுக்குள் இருக்கிறது. இதுவும் யாருக்கும் தெரியாத இடமில்லை, பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். ஆனாலும் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே ஊருக்குள் இருப்பதைவிட ஊருக்கு வரும் வழியில்தான் விஷயம் அதிகம். பஸ்ஸில் வந்து சர்ச் வாசலில் இறங்குகிறவர்களுக்கு அதில் பாதி தப்பிவிடும்.

மான்செஸ்டர் பிக்கடில்லியிலிருந்து ஷெஃபீல்ட் போகும் ஹோப் பள்ளத்தாக்கு ரயில் பாதையில் கிரிண்டில்ஃபோர்ட் என்ற சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. வேக வண்டிகள் அங்கே நிற்காது. ஊர் ஊராக நின்று போகும் வண்டியைப் பிடியுங்கள், சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டேஷனை ஒட்டியே டோட்லி சுரங்கப்பாதை தொடங்குகிறது. 1893இல் முடிந்த, ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான குகை அது. வண்டி அதற்குள் நுழைந்துவிட்டால் நீங்கள் இறங்க மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஸ்டேஷனை விட்டு மேற்கே சில நிமிடம் நடந்தால் பேட்லி சிற்றாலயம். கத்தோலிக்கப் பாதிரியாராக இருப்பதே தேசத்துரோகம் என்றிருந்த 1588இல், இங்கிருந்த மாளிகையில் ஒளிந்திருந்த நிக்கோலஸ் கார்லிக், ராபர்ட் லட்லம் என்ற இரு பாதிரிமாரைப் பிடித்து டெர்பியில் கொன்றார்கள். மாளிகையின் அடித்தளக் கற்கள் மட்டும் இன்று புல்லுக்குள் தெரிகின்றன. பக்கத்துக் காடுகளில் வட்ட வட்டமாகச் செதுக்கி, விற்காமலே போட்டுவிட்டுப் போன, அரைக்கும் எந்திரக் கற்கள் பாசி பிடித்துக் கிடக்கும். தேசியப் பூங்காவின் சின்னமே அந்தக் கல்தான்.

அங்கிருந்து டெர்வென்ட் ஆற்றையொட்டி வயல்வழியாகக் கிரிண்டில்ஃபோர்ட் பாலம், பிறகு சர் வில்லியம் ஹில் என்ற மேட்டின் மேல் செங்குத்தாக ஏறும் பழைய சாலை. ஷெஃபீல்டிலிருந்து பக்ஸ்டனுக்குக் குதிரை வண்டிகள் சுங்கம் கட்டிப் போன 18ஆம் நூற்றாண்டுப் பாதை இது. மேலே போகப் போகத் தார் முடிந்து கரட்டு வழியாகிவிடும். உச்சி 429 மீட்டர். ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், பொய் சொல்லவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஈம் வரை சாவகாசமாக நடந்தால் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நடையில் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். நீங்கள் நடப்பது பெரும்பாலும் தனியார் நிலத்தில். விவசாயியின் மேய்ச்சல் காட்டுக்குள், சில இடங்களில் வீட்டு முற்றத்தை ஒட்டியே பாதை போகும். யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள், கேட்கவும் முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இரண்டு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான பொதுப் பாதைகள் சட்டப்படி பதிவாகியிருக்கின்றன. சர்ச்சுக்கும் சந்தைக்கும் சுரங்கத்துக்கும் ஜனங்கள் காலங்காலமாக நடந்து நடந்து உண்டாக்கிய வழிகள்தான் அவற்றில் பெரும்பாலானவை. ஒரு வழி பொதுப்பாதை என்று ஆகிவிட்டால், நிலம் எத்தனை கை மாறினாலும் அது பொதுப்பாதைதான். மூடவோ திருப்பிவிடவோ முறைப்படி உத்தரவு வாங்க வேண்டும். வயலின் நடுவே போகும் பாதையை உழவுக்காகக் கலைத்தால், நிலத்துக்காரர் 14 நாளுக்குள் மறுபடி நடக்கத் தக்கதாகச் செய்து கொடுக்க வேண்டும். மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம்.

எல்லா இடத்திலும் இது தானாகக் கிடைத்துவிடவில்லை. மேட்டு நிலங்களைப் பிரபுக்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்து, காவல் போட்டு ஆட்களை விரட்டிய காலம் இருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு கிண்டர் ஸ்கவுட் மேட்டில் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்தார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது வயது இருபது. அவர் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பொதுப்பாதைகளைப் பதிவு செய்யவும் தேசியப் பூங்காக்களை அமைக்கவும் வழி செய்த சட்டம் 1949இல் வந்தது. வேலியடைக்காத மேட்டு நிலத்தில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமைக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சர் வில்லியம் உச்சியில் நின்றால் வடக்கே விரியும் ஈம் மூர் அப்படித் திறந்துவிட்ட நிலம். வெண்கலக் காலத்துக் கல் வட்டம் ஒன்று அதில் ஹெதர் புதருக்குள் மறைந்திருக்கிறது. தேடிப் போக நினைத்தால் முட்டையிடும் பருவத்தில் வேண்டாம், ஜூனில் தரையில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் உண்டு. ஹெதர் ஊதாப் பூப்பது ஆகஸ்டில், அதை நீங்கள் பார்க்க முடியாது. பதிலாகக் கர்லூ பறவையின் நீண்ட விசில் கேட்கலாம்.

கைச்சுவர்களையும் பாருங்கள். சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை. இரண்டு பக்கமும் பெரிய கல், நடுவில் சல்லி, இடையிடையே இரு பக்கத்தையும் பிணைக்கும் நீளக்கல், மேலே செங்குத்தாகச் சாய்த்து வைத்த மூடுகல். மேட்டில் இந்தச் சுவர்கள் கறுத்திருக்கும், எந்திரக்கல் வெட்டிய அதே மணற்பாறை. ஈமைத் தாண்டித் தெற்கே இறங்கினால் வெளுத்த சாம்பல் நிறம், அது சுண்ணாம்புக்கல். இரண்டு பாறைகளும் சந்திக்கிற விளிம்பில்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் ஓடிய ஈயத் தாதுதான் பல நூறு வருஷம் ஊருக்குச் சோறு போட்டது. வயலில் வேலி கட்டிய பள்ளமோ மூடி போட்ட குழியோ தென்பட்டால் எட்டிப் பார்க்கப் போகாதீர்கள், பழைய சுரங்கத் துவாரமாக இருக்கும்.

உச்சியிலிருந்து ஊரை நோக்கி இறங்கும் வழியில், சாலையோரம் மாம்பெசன் கிணறு வரும். கிணறு என்றால் நம்மூர்க் கிணறு அல்ல, கல் கட்டிய சின்னச் சுனை. ஈம் கதை இங்கே தொடங்குகிறது.

லண்டனில் பிளேக் கொன்று குவித்துக்கொண்டிருந்த 1665இல், ஈமிலிருந்த ஒரு தையற்காரர் வீட்டுக்கு அங்கிருந்து துணி மூட்டை வந்தது. ஈரமாக இருந்ததால் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற வேலையாள் நெருப்பருகே விரித்துக் காயவைத்தார் என்பார்கள். செப்டம்பர் 7 அன்று அவர் அடக்கமானார். துணியில் இருந்த தெள்ளுப்பூச்சி மீதுதான் இன்றுவரை பழி. குளிர்காலத்தில் சாவு ஓய்ந்தது போலிருந்து, அடுத்த கோடையில் மறுபடி சீறியது. 1666 ஜூனில் ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெசன் மூன்று ஏற்பாடுகளைச் சொன்னார். இறந்தவரை அவரவர் வீட்டார் தத்தம் நிலத்திலேயே புதைப்பது. வழிபாட்டை சர்ச்சுக்குள் நடத்தாமல் வெளியே பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று நடத்துவது. மூன்றாவது, நோய் அடங்கும்வரை ஊர் எல்லையை யாரும் தாண்டக் கூடாது.

மாம்பெசனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, ஊருக்குப் புதியவர், ஜனங்களுக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கு முன் இருந்த தாமஸ் ஸ்டான்லி பியூரிட்டன் பிரிவினர். அரசு சொன்ன வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவி இழந்தும் ஊரின் நம்பிக்கையை இழக்காதவர். ஒன்றாக உட்காரவே கூடாத இரண்டு பேர் சேர்ந்து சொன்னதால்தான் ஊர் கேட்டது. எனக்கு இந்தக் கதையில் தியாகத்தைவிட இந்தக் கூட்டுதான் பெரிதாகப் படுகிறது. சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவுக்கும் மருந்துக்கும் ஏற்பாடு செய்தார். வெளியூரார் சாமானை எல்லையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஈம்காரர்கள் நாணயத்தைத் தண்ணீரிலோ வினிகர் ஊற்றிய குழியிலோ போட்டுவிட்டு எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் நிற்கும் சுனை அப்படிப்பட்ட வடக்கு எல்லைப் புள்ளி.

1666 ஆகஸ்டில் மட்டும் எழுபதுக்கு மேல் சாவு. மாம்பெசனின் மனைவி கேத்தரின் இறந்ததும் அந்த மாதம்தான். நவம்பர் தொடக்கத்தில் நோய் நின்றபோது 76 குடும்பங்களுக்குள் மரணம் புகுந்திருந்தது, இறந்தவர்கள் சுமார் 260 பேர். ஊரின் கிழக்கே கொஞ்சம் தள்ளி ரைலி கல்லறைகள் இருக்கின்றன. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே இழுத்துவந்து புதைத்த மேய்ச்சல் நிலம். ஒரு வட்டச் சுவர், உள்ளே சில கற்கள், அவ்வளவுதான். அரை மணி நேரம் கூடுதலாகும், ஆனால் தவறவிடாதீர்கள்.

கதையை அப்படியே விழுங்கவும் வேண்டாம். ஊரே ஒருமனதாகத் தன்னைப் பலி கொடுத்தது என்ற சித்திரம் பின்னால் வந்த கவிஞர்களும் எழுத்தாளர்களும் மெருகேற்றியது. வசதியுள்ளவர்கள் சிலர் முன்பே வெளியேறிவிட்டார்கள். மாம்பெசன் தம்பதியே பிள்ளைகளை முன்கூட்டி வெளியூர் அனுப்பிவிட்டார்கள். ஊரை அடைத்ததால் உள்ளே சாவு கூடியிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. பதிவேட்டின் தேதிகளை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்றில் முக்கால் பங்கு எலியிலிருந்து வரவில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியது என்று கணித்தது. அப்படியானால் வெளியே போகாமல் இருந்ததற்குப் பலன் இருந்திருக்கிறது. விலகி நில் என்று ஊருக்குச் சொன்ன பிறகும் வீட்டுக்குள் ஒன்றாகத்தானே இருந்தார்கள்.

இனி ஊருக்குள். செயின்ட் லாரன்ஸ் சர்ச் வளாகத்தில் 8ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவை நிற்கிறது, தண்டின் ஒரு துண்டு காணாமல் போய்க் குட்டையாக. சுவரில் 1775ஆம் வருஷத்துச் சூரியக் கடிகாரம். கேத்தரின் கல்லறை சிலுவைக்குப் பக்கத்திலேயே. கிரிக்கெட் பிடிக்கும் என்றால் ஹாரி பேக்ஷாவின் கல்லறையைத் தேடுங்கள். டெர்பிஷருக்கு ஆடி, பிறகு அம்பயராக இருந்தவர், 1927இல் இறந்தார். கல்லில் பந்து ஸ்டம்ப்பைப் பெயர்க்கிறது, மேலே அம்பயரின் விரல் உயர்ந்திருக்கிறது. உங்கள் அப்பா சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

சர்ச்சை ஒட்டி மேற்கே பிளேக் குடிசைகள். குடிசை என்பது பெயருக்குத்தான், கெட்டியான கல் வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் பச்சைப் பலகையில் அந்த வீட்டில் யார் யார் எந்தத் தேதியில் இறந்தார்கள் என்று எழுதியிருக்கும். அந்த வீடுகளில் இப்போதும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படமெடுப்பது அநாகரிகம். இதை எழுதக் காரணம், தினமும் யாராவது செய்கிறார்கள். அதே தெருவில் மேலே போனால் 1670களின் ஈம் மாளிகை, எதிரே குற்றவாளிகளின் காலை மாட்டி உட்காரவைத்த மரத் தொழு. முன்பு மெதடிஸ்ட் சர்ச்சாக இருந்த கட்டடத்தில் ஊரார் தாங்களே நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது, கூரையின் காற்றுகாட்டியில் சேவலுக்குப் பதில் எலி. சிறிய இடம்தான், ஆனால் பதிவேட்டு விவரங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் காட்டுவதால் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். எல்லா நாளும் திறந்திருக்காது, நாளைப் பார்த்துக் கிளம்புங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் வருகிறவர்களுக்கு ஒரு போனஸ் உண்டு. டெர்பிஷர் கிராமங்களில் நீர்நிலைகளை அலங்கரிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஈரக் களிமண் பூசிய பலகையில் பூவிதழ், பாசி, விதை, மரப்பட்டை என்று ஒவ்வொன்றாக அழுத்தி முழு ஓவியமே செய்துவிடுவார்கள். நம் பூக்கோலத்தைச் செங்குத்தாக நிறுத்தியது போலிருக்கும், ஒரு வாரத்தில் வாடிவிடும். ஜூனில் ஈமில் இது கிடையாது. வேறு ஊர்களில் அந்த மாதமும் நடக்கும், ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் கண்ணில் படலாம்.

சாப்பாடு. ஊரில் பப்பும் தேநீர்க் கடைகளும் உண்டு. பப்பில் யாரும் மேசைக்கு வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கவுன்ட்டரில் போய் மேசை எண்ணைச் சொல்லி, காசு கட்டி, வந்து உட்கார வேண்டும். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம், குழந்தைகளோடு வருவார்கள், நாய் மேசைக்கடியில் படுத்திருக்கும். மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு நின்றுவிட்டால் மாலை வரை சிப்ஸ் பாக்கெட்தான். சைவம் எங்கும் கிடைக்கும், காரம் எங்கும் கிடைக்காது. பக்கத்து ஊர்ப் பெயர் தாங்கிய பேக்வெல் புட்டிங் எங்கேயாவது தென்பட்டால் வாங்குங்கள். கேக் கடைகளில் விற்கும், ஐசிங் பூசிய பேக்வெல் டார்ட் வேறு. என் ஓட்டு புட்டிங்குக்கே, அதில் முட்டை இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

திரும்பும்போது வந்த வழியே போகாதீர்கள். ஊரின் கிழக்குப் பக்கம் லிட்கேட் தெருவிலிருந்து ஸ்டோனி மிடில்டன் கிராமத்துக்கு வயல் வழியாக ஒரு பாதை இறங்குகிறது. பாதி வழியில் எல்லைக்கல். மேலே ஆறு குழிகள் உள்ள பெரும் பாறை, வினிகர் ஊற்றி நாணயம் போட்டது இதில்தான். விரல் விட்டுவிட்டுக் குழியின் ஓரங்கள் வழுவழுப்பாகிவிட்டன. கீழே தெரிகிற ஊர் எவ்வளவு பக்கம் என்று இங்கே நின்று பாருங்கள், கூப்பிட்டால் கேட்கும் தூரம். பதினான்கு மாதம் ஓர் ஊர் சாகச் சாக, அடுத்த ஊரில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. இறங்கினால் ஸ்டோனி மிடில்டனில் எண்கோண வடிவ சர்ச் ஒன்று இருக்கிறது, இங்கிலாந்தில் அபூர்வம். ரயிலைப் பிடிக்க அங்கிருந்து பஸ்.

அப்பா விஷயம். மேட்டு ஏற்றம் அவருக்கு ஒத்துவராது என்றால், ஷெஃபீல்ட் வரை ரயிலில் போய் அங்கிருந்து ஈமுக்கே பஸ்ஸில் வந்துவிடுங்கள். ஊரைப் பார்த்த பிறகு எல்லைக்கல் வழியான இறக்கத்தை மட்டும் நடங்கள். ஒன்றரை கிலோமீட்டர்கூட வராது, சுவரில் பதித்த படிக்கற்களை ஏறித் தாண்டுவதும் கடைசிச் சரிவில் வழுக்குவதும்தான் சிரமம். ஒரு கைத்தடி போதும். நீங்களும் தம்பியும் காலையிலேயே கிளம்பி மேட்டு வழியாக வந்து சர்ச்சில் அவரைச் சந்திக்கலாம்.

ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதனால் அவசரம் வேண்டாம். மழைச் சட்டை கட்டாயம், ஜூன் என்று நம்பாதீர்கள். குடை மேட்டுக் காற்றில் நிற்காது. சேற்றுக்குத் தாங்கும் ஷூ போடுங்கள். ஆடு மேயும் நிலத்தில் கதவை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தே. கன்றோடு நிற்கும் மாடு நம்மூர் மாடு போலச் சாதுவாக ஒதுங்காது, தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள். மேட்டில் போன் சிக்னல் வந்து வந்து போகும், மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காகித மேப்தான் வேண்டும் என்றால் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஒயிட் பீக் தாளில் சுவர் சுவராக எல்லாம் இருக்கிறது.

நாள் பொறுக்கும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், பஸ் மிகக் குறைவு. வேலை நாளிலும் மாலைக் கடைசி பஸ் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும். காலையில் கிளம்பும்போதே ஸ்டோனி மிடில்டன் பஸ் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் கிரிண்டில்ஃபோர்டுக்கு டாக்ஸி கூப்பிட வேண்டியிருக்கும், கிராமத்தில் கை காட்டினால் வந்து நிற்கிற டாக்ஸி கிடையாது.